மொண்டெல்லோவில் ஒரு சாட்சிக் கையெழுத்து

2024 அக்டோபர் 9ஆம் திகதி பலேர்மோ போய் இறங்கினேன். ஊர் பார்க்கப் போகவில்லை. தங்கை ஜெசிந்தாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அவளுடைய கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை, லீவு கிடைக்காது. மூன்று கிழமை சமைத்துப்போட்டு, அவளைப் பிடித்து நடக்கவைத்துவிட்டு, 30ஆம் திகதி அமெரிக்கா திரும்புவதாக ஏற்பாடு.

போகும் வழி கேட்டு எழுதுபவர்களுக்காக: மில்வாக்கியிலிருந்து சிகாகோவுக்குப் பேருந்து, அங்கிருந்து ரோம், பிறகு பலேர்மோ. வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவுக்கு இருபத்தொரு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் ஆறு யூரோ எண்பது சதம், ஒரு மணி நேரம். தங்கை வீடு பல்லரோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. முழங்கால் வலிக்காரர் இருக்கத் தோதான இடம் இல்லைதான்.

என் கணினிப் பையில் ஒரு வெள்ளை உறை இருந்தது. செப்டம்பர் கடைசியில் தபாலில் வந்த ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டு. புறப்படும் அவசரத்தில் நிரப்பவில்லை. தேர்தல் நாளான நவம்பர் 5க்குள் திரும்பிவிடுவேனே, நேரில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அக்டோபர் 24ஆம் திகதி வைத்தியர் ஜெசிந்தாவின் காயத்தைப் பார்த்துவிட்டு, ஆற இன்னும் இரண்டு கிழமை வேண்டும் என்றார். பயணச்சீட்டை நவம்பர் 9க்கு மாற்றினேன். அதன் பிறகுதான் உறையின் நினைவு வந்தது.

எங்கள் விஸ்கான்சின் மாநிலத்துச் சட்டப்படி, தபாலில் வாக்களிப்பவர் ஒரு சாட்சியின் முன்னால்தான் சீட்டை நிரப்ப வேண்டும். சாட்சி உறையின்மேல் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மச்சானைப் பிடித்துக் கையெழுத்து வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டே அடியிலிருந்த சிறிய எழுத்துகளைப் படித்தேன். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு யாரும் சாட்சி சொல்லலாம். என்னைப் போலக் கொஞ்ச நாளைக்கு வெளியே போனவர்களுக்கு, சாட்சியும் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். தங்கை வீட்டுப் பக்கம் மன்னார் ஆட்கள், யாழ்ப்பாணத்தார், வன்னியார் எல்லோரும் உண்டு. எல்லோர் கையிலும் இருப்பது பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி. அமெரிக்கக் கடவுச்சீட்டு ஒருவரிடமும் இல்லை.

"ஒரு வோட்டுக்காக இவ்வளவு அலையப்போறியளோ அண்ணா?" என்றாள் ஜெசிந்தா, காலைத் தலையணையில் தூக்கி வைத்தபடி.

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அமெரிக்காவில் நாடு முழுவதும் விழுந்த வாக்குகளைக் கூட்டி ஜனாதிபதியைத் தெரிவு செய்வதில்லை. ஜனாதிபதிக்கு வாக்களிக்கும் தேர்வாளர்கள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று கணக்கு. மொத்தம் 538, வெல்ல 270 வேண்டும். அநேகமாக எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு அதிகமாக எடுத்தவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுவதும் போய்விடும். கலிபோர்னியா எந்தப் பக்கம் சாயும் என்று தேர்தலுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். விஸ்கான்சின் அப்படியில்லை. அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களிலும் முப்பது லட்சம் பேர் வாக்களித்து, இருபதாயிரத்துச் சொச்சத்தில் முடிவு மாறியது. அதனால்தான் வேட்பாளர்கள் திரும்பத் திரும்ப எங்கள் ஊருக்கு வருகிறார்கள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தொலைபேசி அடிக்கிறது. சலிப்புத்தான். ஆனால் போடாமல் விட மனம் வராது.

மேல்மாடியில் குடியிருக்கும் யோகா அப்போது ஜெசிந்தாவுக்கு ரசம் கொண்டு வந்திருந்தார். கிளிநொச்சிக்காரர், நாற்பத்தாறு வயது, வீட்டு வேலைக்குப் போகிறவர். நான் சொன்னதை நின்று கேட்டார்.

"நான் வேலை செய்யிற வீட்டம்மா, எங்கட சிஞ்ஞோரா, அமெரிக்காக்காரி. பாஸ்போர்ட் அலுமாரிக்குள்ள கிடக்கு, நானே கண்டனான். நாளைக்குக் காலமை என்னோட வாங்கோ" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். பொலித்தேயாமா நாடக அரங்கு வரை இரண்டு கிலோமீட்டர் நடை. அங்கிருந்து 806ஆம் இலக்கப் பேருந்து, ஒரு யூரோ நாற்பது சதம். மொண்டெல்லோ பதினோரு கிலோமீட்டர்தான், ஆனால் நாற்பத்தைந்து நிமிடம் எடுத்தது. கோடையில் இந்தப் பேருந்தில் நிற்கவும் இடம் இருக்காதாம். அக்டோபர் கடைசியில் உட்கார்ந்துகொண்டே போகலாம், கடலில் குளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

சிஞ்ஞோராவின் பெயர் மார்கரெட். எழுபத்தொன்பது வயது, கலிபோர்னியாவில் சங்கீத ஆசிரியையாக இருந்தவர். கணவர் சிசிலிக்காரர், காலமாகிவிட்டார். கடற்கரைக்கு இரண்டு தெரு பின்னால் வீடு. கோப்பி தந்து உட்காரவைத்தார். வெற்றுச் சீட்டை அவரிடம் காட்டினேன். பிறகு மேசையின் மறுபக்கம் போய், பத்திரிகையால் மறைத்துக்கொண்டு நிரப்பி, மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். என் கையெழுத்தையும் இட்டேன். இனி அவருடையது மட்டும்தான்.

பேனாவை எடுத்தவர் முகவரியைப் பார்த்தார். "விஸ்கான்சினா?" என்று கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார்.

தான் யாருக்கு வாக்களிப்பவர் என்று சொன்னார். (கட்சிப் பெயரை எழுதவில்லை, கருத்துப் பெட்டியில் சண்டை வேண்டாம்.) நான் மற்றப் பக்கம் என்று என் முகம் சொல்லிவிட்டது போல.

"முப்பது வருடமாக இங்கிருந்து கலிபோர்னியாவுக்கு என் சீட்டை அனுப்புகிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "ஒரு முறைகூட அதனால் எதுவும் ஆகவில்லை. உங்களுடையது ஒன்றை மாற்றக்கூடியது. எனக்கு எதிராக மாற்றக்கூடியது. அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. உறையைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கை நீட்டினேன்.

அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யோகா தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, அவரிடம் இத்தாலியனில் நாலைந்து வசனம் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மார்கரெட் ஏதோ கேட்டார். யோகா "சி, சிஞ்ஞோரா" என்று ஆமோதித்தார். மார்கரெட் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பெயரையும் முகவரியையும் ஆசிரியை எழுத்தில் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டார்.

யோகா வாசல் வரை வந்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்கட ஊரில ரெண்டாயிரத்தஞ்சில, சண்டை திரும்பத் துவங்க முந்தி, ஒரு ஜனாதிபதித் தேர்தல் வந்தது. எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. எங்கட சனத்துக்கு ஆமிப் பக்க எல்லை ஓமந்தையில வோட்டுப் பெட்டி வைச்சவங்கள். போகவேண்டாம் எண்டு இயக்கம் சொல்லிப்போட்டுது. ஒருத்தரும் போகேல்லை, நானும் போகேல்லை. ரெண்டு லட்சத்துக்கும் குறைஞ்ச வோட்டிலதான் முடிவு வந்தது. நாங்கள் போயிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு இண்டைக்கும் கதைக்கினம்."

கதவுப் பிடியைத் துடைத்தபடி தொடர்ந்தார். "போட்டிருந்தா நல்லது நடந்திருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. மறிச்சது மட்டும்தான் தெரியும். நீங்களும் அந்த ஆளை மறியாதேங்கோ எண்டு சொன்னனான்."

நான் தொண்ணூற்றாறிலேயே நாட்டை விட்டு வந்தவன். அந்தத் தேர்தலைச் செய்தியாகப் படித்ததுதான். "போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை, 28ஆம் திகதி, உறையை மில்வாக்கித் தேர்தல் அலுவலகத்துக்குத் தனியார் கூரியரில் கொடுத்தேன். அறுபத்திரண்டு யூரோ, மூன்று வேலை நாள் என்றார்கள். ஜெர்மனியில் ஒரு விமான நிலையத்தில் அது இரண்டு நாள் கிடந்தது. பிறகு சனி ஞாயிறு வந்தது. நவம்பர் 5 இரவு எட்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் எண்ணமாட்டார்கள். நான் வெங்காயம் வெட்டும்போதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஜெசிந்தா ஏசினாள். 4ஆம் திகதி பலேர்மோ நேரம் மாலை ஐந்து நாற்பதுக்கு அலுவலகத்தில் கொடுத்தாயிற்று என்று கூரியர் செய்தி வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, மாநில இணையதளத்திலும் வாக்குச்சீட்டு கிடைத்ததாகக் காட்டியது.

இந்த முறையும் விஸ்கான்சின் முடிவு முப்பதாயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில்தான் வந்தது. என் ஒரு சீட்டு எதையும் மாற்றவில்லை. அதற்காக அந்தப் பேருந்துப் பயணம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேர்தல் காலத்தில் பயணம் போகும் அமெரிக்கத் தமிழருக்கு ஒரு வார்த்தை: சீட்டு கைக்கு வந்த அன்றே நிரப்பி அனுப்பிவிடுங்கள். சாட்சி, காலக்கெடு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, நண்பர் சொன்னார் என்று நம்பாமல் உங்கள் மாநிலத்து இணையதளத்தில் பாருங்கள். கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பாவது கூரியரில் கொடுங்கள். மொண்டெல்லோவுக்குக் கோடையில் போகாதீர்கள், அக்டோபரில் போங்கள்.

சீட்டு போய்ச் சேர்ந்த அன்று மாலை, மேலே போய் யோகாவிடம் சொன்னேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கை ஆர் எண்ணுறது?" என்று கேட்டார்.

"ஊர்ச் சனம்தான். இளைப்பாறின ரீச்சர்மார், கடைக்காரர். ரெண்டு கட்சிக்காரரும் பக்கத்தில நிண்டு பாப்பினம்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"ஓம். ஒருமுறை நானும் எண்ணுற மேசையில இருந்தனான்."

கையிலிருந்த சட்டையை மடித்து மற்றவற்றின் மேல் வைத்தார்.

"அப்ப சரி" என்றார்.