சித்தி கழுவிய கேபிள்

எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் யாராவது ஒரு பாத்திரத்தைத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தால், "என்னா, கேபிள் கழுவுறியா?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியாது. கேபிள் கழுவியது என் சித்தி. பக்கத்தில் இருந்து தண்ணீர் ஊற்றியது நான்.

தெஹியோவிட்டைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டம் அது. எனக்கு ஒன்பதோ பத்தோ வயதிருக்கும். கிழட்டு மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுப் புதுக் கன்று வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அம்மா வருஷக்கணக்காகப் பால் வெட்டிய மரங்களெல்லாம் விறகாகவும் பலகையாகவும் லொறி ஏறின. மரம் எடுக்கும் கொந்தராத்து ஒரு சிங்கள முதலாளிக்கு. அவருடைய டிராக்டருக்குப் பின்னால் வின்ச் ஒன்று பூட்டியிருக்கும். பெரிய நூல்கண்டு மாதிரி ஓர் இரும்பு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கேபிள், அவ்வளவுதான். பள்ளத்தில் கிடக்கும் மரத்தில் கேபிளை மாட்டிவிட்டு எஞ்சினை முறுக்கினால், மரம் முனகிக்கொண்டே மேட்டுக்கு ஊர்ந்து வரும். அந்த டிராக்டரை ஓட்டியவர் சித்தப்பா. அவருக்கும் அம்மாவின் தங்கையான என் சித்திக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே கடைசிக் காம்பராவில் குடியிருந்தார்கள்.

சித்தப்பா வாயில்லாப் பூச்சி. குழம்பில் புளி கூடினாலும் பேசமாட்டார், குறைந்தாலும் பேசமாட்டார். ஆனால் கேபிள் விஷயத்தில் மட்டும் அப்படியொரு கறார். உருளையில் ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறி உட்காரக் கூடாது. முறுக்கு விழக் கூடாது. மண்ணில் போட்டு இழுக்கக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் பழைய துணியொன்றைக் கையில் சுருட்டிக்கொண்டு கேபிளின் நீளத்துக்கும் தடவிப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு கம்பி இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் துணி அங்கே மாட்டிக்கொள்ளும். பிறகு கிரீஸ் பூசுவார். கேபிளின் நடு உயிரில் ஒரு சணல் கயிறு இருக்கிறதாம். அது எண்ணெய் குடித்துக் கிடந்தால்தான் சுற்றியிருக்கும் கம்பிகள் ஒன்றையொன்று தின்னாதாம்.

துணி சித்தியுடைய பழைய சேலை. முதலில் ஓர் இடத்தில், இரண்டு இடத்தில் நூல் பிரிந்து வந்த துணி, ஐப்பசி மழை நெருங்கும்போது கந்தலாகத் திரும்பி வந்தது.

"அறுந்தா என்னாங்க ஆகும்?" என்று சித்தி கேட்டாள்.

"அறுந்தா அறுந்துச்சி. வேற என்னா."

ஆனால் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒரு அக்கா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டாள். சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். இழுபட்டு நிற்கிற கேபிள் அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி வருமாம். முதலில் அகப்படுவது டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள்தானாம். சீட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் இருக்கிற கம்பி வலையெல்லாம் சும்மா பேருக்காம். அன்றிலிருந்து சித்திக்குச் சோறு இறங்கவில்லை. சாயந்தரமானால் லயத்து மூலையில் நின்று, மேட்டிலிருந்து டிராக்டர் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பாள். சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவாள்.

முதலாளி ஒருநாள் லயத்துக்கே வந்தார். எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்ததால் அவரை எனக்குப் பிடிக்கும். சித்தப்பா புதுக் கேபிள் என்ற பேச்சை எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. துறைமுகத்துப் பக்கமிருந்து பழைய கேபிள் ஒன்று சல்லிசாக வருகிறது, இதைவிடத் தடிப்பான மொத்தம், அதை மாட்டிக்கொள்வோம் என்றார்.

சித்தப்பா தலையைச் சொறிந்தார். "மொத்தமா இருந்தா நம்ம உருளைக்குச் சரிவராதுங்க மாத்தயா. சின்ன உருளையில மடிச்சி மடிச்சியே ஒடஞ்சி போயிரும். அதுவுமில்லாம அது கடலோரத்துல கெடந்தது. உப்புத் தண்ணி பட்ட கம்பிய நம்பவே கூடாதுங்க."

"எஹெனங், அப்பிடின்னா பழசையே வச்சி ஓட்டுங்க. இந்த மலை முடியிற மட்டும் தாங்கும்" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

முடியாது என்று சொல்ல சித்தப்பாவுக்கு வாய் வரவில்லை. அவர் இறங்கினால் அந்த டிராக்டர் சீட்டில் ஏற வேறு ஆள் காத்துக்கொண்டிருந்தது. சித்தி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் அசையாமல் நின்றிருந்தாள்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் தோட்டத்தில் அன்றைக்குப் பால் வெட்டும் கத்தி, வாளி, மண்வெட்டி எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்போம். முதல்நாள் சித்தப்பா கேபிளை உருளையிலிருந்து கழற்றி வளையமாகச் சுருட்டி வைத்துவிட்டு, பூவும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் சித்தி பீப்பாயைப் பீலிக்கு உருட்டினாள்.

"வாடி, கேபிளக் கழுவுவோம். சாமி முன்னாடி வைக்கிறத இம்புட்டு அழுக்காவா வைக்கிறது?"

மண்ணெண்ணெய் ஊற்றி, சுடுதண்ணீர் ஊற்றி, சவர்க்காரத் தூள் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தாள். ஐயோ, என்ன தேய்ப்பு! கறுப்பு வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு என்னைக் கடைக்கு அனுப்பி உப்புப் பாக்கெட்டுகள் வாங்கிவரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "கண்ணு கழிக்கத்தான். தோட்டத்துக் கண்ணு பூரா இந்த டிராக்டர் மேலதான்" என்றாள். அம்மாவும் எனக்கு உப்புச் சுற்றித்தான் அடுப்பில் போடுவாள் என்பதால், எனக்கு அது நியாயமாகவே பட்டது. பீப்பாய்த் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கேபிளை முக்கிவைத்துவிட்டுச் சித்தி ஒரு பெருமூச்சு விட்டாள்.

சித்தப்பா திரும்பி வந்தபோது, பீப்பாயிலிருந்து எடுத்துப் போட்ட கேபிள் வெள்ளி அரைஞாண் மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. லயத்துப் பெண்களெல்லாம் கூடி நின்று, புருஷன் தொழிலை மதிக்கிறவள் என்று சித்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா கேபிளை விரலால் தடவிப் பார்த்தார். பூசைக்கு முதல்நாளும் அதுவுமாக என்ன சொல்ல முடியும்? பூசையன்று கேபிளுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினோம். மறுநாள் ஞாயிறு லீவு, அடைமழை. அதற்கடுத்த நாள் முதலாளி வந்தபோது, மாலைக்குள்ளே கேபிள் செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. கிரீஸுக்குள் மறைந்திருந்த அறுந்த கம்பிகளெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன.

"பிஸ்சுத மே கேனிட்ட?" இந்தப் பொம்பளைக்குப் பைத்தியமா என்று கத்தினார் முதலாளி.

சித்தி ஓவென்று அழுதாள். "எனக்கு என்னா தெரியும் மாத்தயா? சாமிக்கு வைக்கிற பொருளு, அழுக்கா இருக்கேன்னு கழுவினேன்!"

சாமி என்றதும் முதலாளியின் குரல் இறங்கியது. ஒவ்வொரு புது லொறிக்கும் எங்கள் அம்மன் கோயில் வாசலில் சக்கரத்தடியில் தேசிக்காய் வைத்து நசுக்குகிறவர் அவர். சாமிக்குச் செய்ததைத் திட்டி எதற்கு வினையைத் தேடுவது? தண்ணியில் என்னத்தைப் போட்டீங்க என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். சித்தப்பா என் பக்கம் திரும்பி, "என்னா புள்ள போட்டீங்க?" என்றார்.

"மண்ணெண்ணெய், சவர்க்காரத் தூளு, அப்புறம் உப்பு சித்தப்பா! நான்தான் போய் வாங்கியாந்தேன்."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி அழுகையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் முதலாளியிடம், "சபன் குடு மாத்தயா, சபன் குடு விதரய்" என்றார்.

சவர்க்காரத் தூள், அது மட்டும்தான் என்று அர்த்தம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடைக்கு ஓடினது நான். இவர் அந்த உப்பை ஒரேயடியாக விழுங்கிவிட்டாரே! உப்புக்கு லுணு என்று பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தை வைத்துத் திருத்தப் போனேன். "மாத்தயா, லு..." என்று தொடங்குவதற்குள் சித்தி என் வாயில் பொரியை அள்ளித் திணித்துவிட்டாள்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு சித்தப்பாவை அவிசாவளை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாயந்தரம் புதுக் கேபிள் வந்தது. உருளைக்கு அளவான மொத்தம், உள்ளே எண்ணெய் ஊறிய சணல், கண்ணுக்குத் தெரிய ஒரு பிசிர்கூட இல்லை. சித்தப்பாவே தேர்ந்தெடுத்ததாம். லயம் முழுக்க வந்து பார்த்துவிட்டு, சித்தியைக் கேலி செய்துவிட்டுப் போனது. இனி உன் பொண்டாட்டியைப் பீலிப் பக்கம் விடாதே என்று சித்தப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். சித்தியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு சித்தப்பா சித்தியின் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வீங்கியிருந்தது. தேய்க்கும்போது ஏறிய கம்பி முள். யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

"தெரியாமத்தாங்க செஞ்சேன்" என்றாள் சித்தி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"ம். உப்புத் தண்ணி பத்தி ஒனக்கென்னா தெரியும்" என்றார் சித்தப்பா. ஊசி அப்படியே நின்றுவிட்டது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் சித்தியின் கையில் சொட்டியது.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. முதலாளி முன்னால் மானம் போயிற்றே என்றுதான் அழுகிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாதீங்க சித்தப்பா. இனிமே சித்திய உங்க கேபிள் பக்கமே விடமாட்டேன். நான் காவல் இருக்கிறேன்" என்றேன்.