ரோடா, வகுப்பா

எம்.ஏ. வரலாறு வகுப்பை மூடாமல் காப்பாற்ற ஒரே ஒரு ஆள் குறைந்தது. அரூர் பக்கத்தில், பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் ஒரு கல்லூரியில் நான் அப்போது கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவம் மே மாத விடுமுறைச் சம்பளம் வரைக்கும் நீளாது. அரசிடம் பணம் இறுக்கம், மானியம் குறைகிறது, ஆகவே ஆள் சேராத வகுப்புகளை நிறுத்திவிடலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. வகுப்பு போனால் என் வேலையும் போகும்.

கம்பைநல்லூரில் உரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரரிடம் ஒரு பி.ஏ. பட்டம் சும்மா கிடந்தது. விண்ணப்பத்தை அவரிடம் நீட்டினேன்.

"இந்த வயசுல எனக்கு எதுக்கு எம்.ஏ.? தலைக்கு மேல வேலை கெடக்குது."

"பேரு மட்டும் இருந்தாப் போதுங்க."

போதவில்லை. வருகைப்பதிவுக்கு விரல் வைக்க வேண்டியிருந்தது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தினமும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் போயிட்டீங்க மேடம்" என்று வம்பிழுப்பார். எல்லாம் என் தலையெழுத்து என்று சோறு போடுவேன்.

வகுப்பிலேயே நன்றாகப் படித்தவள் சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அவள் ஊர் இன்னும் உள்ளே. அவ்வளவு தூரமும் நடைதான். மழை நாட்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவாள். வகுப்பு ஏன் வேண்டும் என்று யாரிடம் பேசினாலும் நான் அவளைத்தான் உதாரணம் காட்டினேன். அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். மனிதர் நல்லவர், அதைச் சொல்லியாக வேண்டும். டீகூட வேண்டாம் என்று நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரி, ரேஷன், பஸ், காலேஜ், எல்லாத்துக்கும் ஒரே பணம்தாம்மா. ஒண்ணுக்குக் குடுத்தா இன்னொண்ணுல குறையும்" என்றார்.

"மலையிலருந்து வர்ற புள்ளைங்க இதை விட்டா எங்க சார் போவாங்க?" என்று அவளை எழுப்பி நிறுத்தினேன். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவர் அவளைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா. இருக்கற பணத்துல உங்க ஊருக்கு ரோடு போடறதா, இந்த வகுப்பை நடத்தறதா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"ரோடுங்க சார்."

"ஏம்மா?"

"எங்கக்காவ பிரசவத்துக்கு டோலி கட்டித்தாங்க தூக்கிட்டு வந்தோம். பாதி வழியிலயே கொழந்தை போயிடுச்சு. ரோடு இருந்தா நான் எங்கயாச்சும் போயிப் படிச்சுக்குவேங்க."

அதிகாரி குறித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அடிப்பாவி, இரண்டும் வேண்டும் என்றாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! வீடு வந்து சேரும்வரை புலம்பினேன். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அந்தப் புள்ள எடத்துல நீ இருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வகுப்புன்னுதான் சொல்லியிருப்பேன்."

"சொல்லுவ, சொல்லுவ. உனக்கு வூட்டு வாசல்லயே பஸ்ஸு நிக்குது."



சில மாதங்களில் கடிதம் வந்தது. இப்போது படிப்பவர்கள் முடிக்கும்வரை வகுப்பு நடக்கும். புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. அடுத்த கல்வியாண்டிலிருந்து நிரந்தர ஆசிரியர்களே பாடம் எடுப்பார்கள், என் பணி தேவையில்லை. அவள் சொன்னதால்தான் இப்படி ஆயிற்று என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. அவர்கள் முன்பே முடிவு செய்திருப்பார்கள்.

கடிதத்தை வகுப்பிலேயே படித்துக் காட்டினேன். ஏதோ தேர்வு அட்டவணையைப் படிக்கிற மாதிரிதான் படித்தேன். அந்தப் பெண் எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"என்னாலதானுங்களே மேடம்."

"அதெல்லாம் இல்ல. உக்காரு."

அவள் உட்காரவில்லை. கொஞ்சம் தயங்கி, "அப்ப ரோடு எப்பங்க மேடம் போடுவாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். கடிதத்தை மடிக்க ஆரம்பித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "ரோடு வேற டிபார்ட்மெண்டும்மா. இந்தப் பணம் அங்க போவாது."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பறம் எதுக்குங்க மேடம் எங்கிட்ட அப்படிக் கேட்டாரு?"