பீப்பாய் மேல் நின்றவளும் கீழே பிடித்தவளும்

வடக்குக் கடற்கரையில் மீனவர் ஊரான போர்ட்டாரனில் பாதிப்பேர் ஃபிளெட், மீதிப்பேர் ஸ்லேட்டர். ஒரே தெருவில் நாலு ஜேம்ஸ் ஃபிளெட் இருந்தால் தபால்காரர் என்னதான் செய்வார்? அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலில் ஏறும், கல்லறைக் கல்லிலும் ஏறும். எல்ஸ்பெத் ஃபிளெட் குடும்பத்துக்கு வாய்த்தது ‘திரும்பி’.

அது அவள் அம்மா பெல்லா சம்பாதித்து வைத்துவிட்டுப் போனது. பெல்லாவும் வில்லியமினா ஸ்லேட்டரும் நான்ஸி என்கிற இன்னொருத்தியும் ஹெர்ரிங் மீன் அறுக்கிற ஒரே கூட்டு. அந்த வேலைக்கு மூன்று பேராகத்தான் போவார்கள். இரண்டு பேர் குடல் எடுப்பார்கள், உயரமானவள் பீப்பாயில் உப்பிட்டு அடுக்குவாள். குனிந்து அடியைத் தொட வேண்டுமே! பெல்லா அந்தக் கடற்கரையிலேயே உயரம். போருக்கு முந்தின ஒரு மீன் காலத்தில், தெற்கே யார்மத் துறைமுகத்தில், கூலியைக் கூட்டினால்தான் கத்தியைத் தொடுவோம் என்று வடக்கத்திப் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார வைத்தவள் வில்லியமினா. முதலாளிகள் இறங்கி வருவதற்கு முந்தின நாள் பெல்லா மட்டும் வேறு ஊர்க்காரிகளோடு சேர்ந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஏன் என்று கட்டினவனிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. நான்ஸி கல்யாணமாகிக் கனடா போனாள். வில்லியமினா சாகிற வரைக்கும் பெல்லா வீட்டைத் தாண்டும்போது தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தாள்.

அந்தத் தெருவில்தான் எல்ஸ்பெத் படச்சட்டக் கடை வைத்திருந்தாள். கணப்புக்கு மேலே படகுப் படம் தொங்காத வீடு அந்த ஊரில் கிடையாது. படகு மாறினால் படம் மாறும், ஆள் போனால் படம் பெரிதாகும். ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. கை சுத்தம், வாய் குறைவு. அறுபதைத் தாண்டியும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் அட்டை வெட்டுவாள்.

தேவாலயத்துப் பெண்கள் சங்கம் ஊர்க்கூடத்துச் சுவரில் துணிச்சல்காரப் பெண்களுக்கு ஒரு படச்சட்ட வரிசை வைக்க முடிவு செய்தது. உயிர்காப்புப் படகை ஐஸ் தண்ணீரில் இடுப்பளவு இறங்கித் தள்ளிய பெண்களுக்கு ஒரு சட்டம். அவர்கள் இழுத்த கயிற்றின் துண்டு ஒன்றை அதில் வைத்தாள் எல்ஸ்பெத். செர்பியாவில் காய்ச்சலில் இறந்த நர்ஸுக்கு ஒன்று, அதில் அவள் பதக்கம். மூன்றாவது வில்லியமினாவுக்கு. சங்கத்துத் தலைவி ஜெஸ்ஸி-ஆன் வேறு யாருமில்லை, வில்லியமினாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மகள்.

அவள் ஒரு செருப்புப் பெட்டியோடு கடைக்கு வந்தாள்.

“இந்தா, எங்க அத்தை. இது கத்தி. இது கத்தி வெட்டாம விரல்ல சுத்தின துணி, உப்பு இன்னும் வெள்ளையா நிக்குது பாரு. இது போட்டோ. பெட்டிக்கு அடியில கெடந்துச்சு.”

எல்ஸ்பெத் போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். கவிழ்த்த பீப்பாய் மேல் வில்லியமினா, வாய் திறந்து, கை ஓங்கி. கீழே ஓர் உயரமான பெண், துணி சுற்றிய இரண்டு கையாலும் அவள் கணுக்காலை இறுக்கிப் பிடித்தபடி, அண்ணாந்து பார்த்து நிற்கிறாள். அம்மாவை அந்த வயதில் எல்ஸ்பெத் பார்த்ததே இல்லை.

“இது...”

“தெரியும்டி. அதான் உங்கிட்டயே கொண்டாந்தேன். அவள வெட்டிரு.”

“வேற கடைக்குப் போயிருக்கலாமே.”

“வேற கடைக்காரன் கோணலா வெட்டுவான்.”

எல்ஸ்பெத்துக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. “போட்டோவ நான் வெட்ட மாட்டேன். மேல அட்டை வச்சு மறைக்கலாம். பின்னாடி முழுசா இருக்கும்.”

“ஏதோ பண்ணு. ஊர்க்கூடத்துல அந்தத் ‘திரும்பி’ மூஞ்சி தெரியப்படாது.”

அவள் போனபின் எல்ஸ்பெத் போட்டோவை மேசையில் கிடத்தினாள். அம்மாவின் முகத்தைத் தன் கையாலேயே மூட வேண்டும். மாட்டேன் என்றால் ஊர் என்ன சொல்லும்? மகளும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றுதானே! அட்டையில் ஜன்னல் வெட்டி வைத்துப் பார்த்தாள். முகம் மறைந்தது, கைகள் மறையவில்லை. வில்லியமினாவின் காலில் யாருடையவோ இரண்டு கை. இன்னொரு அட்டையை வெட்டினாள். அதுவும் சரிப்படவில்லை. இருந்த நல்ல அட்டையெல்லாம் வீணானதுதான் மிச்சம்.

ஜெஸ்ஸி-ஆனை வரச் சொல்லி அனுப்பினாள். வந்ததும் போட்டோவை அவள் முன்னால் நகர்த்தினாள்.

“என்னால ஆகல. வேணும்னா எல்ஜின் டவுன் கடைக்குக் கொண்டுபோ.”

“ஆகலயா, மனசு வரலயா?”

“ரெண்டுந்தான். நீயே பாரு.” ‘ட’ போல வெட்டிய இரண்டு அட்டைத் துண்டுகளை அவள் கையில் கொடுத்தாள். இரண்டையும் எதிரெதிராக வைத்து நகர்த்தினால் ஜன்னல் பெரிதாகும், சிறிதாகும். எதை வைப்பது, எதை விடுவது என்று சட்டம் போடுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜெஸ்ஸி-ஆன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் பெல்லாவின் முகத்தை மூடினாள்.

“சாகுற வரைக்கும் எங்க அத்தை காலப் புடிச்சுத் தொங்கணும்னு உங்கம்மா நெனச்சாளாக்கும்.”

“தொங்கலடி. மீன் எண்ணெய் பட்ட பீப்பா. வழுக்கும்.”

ஜெஸ்ஸி-ஆன் அட்டையை மேலே ஏற்றினாள். கைகள் போயின. கூடவே அத்தையின் காலும் பீப்பாயும் போயின. நின்றிருந்தவள் அந்தரத்தில் மிதந்தாள். இன்னும் ஏற்றினாள். ஒரு தலை, திறந்த வாய்.

“பல்லுவலிக்காரி மாதிரில்ல இருக்கா!” என்று தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். எல்ஸ்பெத்தும் சிரித்தாள். கொஞ்சநேரம் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஜெஸ்ஸி-ஆன் கேட்டாள். “ஏன் போனா உங்கம்மா? நெசமாவே தெரியாதா?”

“தெரியாது. கேட்டா, மாவு பிசையப் போயிருவா.”

“எங்க அத்தையும் இதக் கிழிச்சுப் போடல பாரு. அத்தன வருசம் வச்சிருந்திருக்கா.” அட்டைத் துண்டுகளைப் படத்தின் நாலு ஓரத்துக்கும் தள்ளினாள். “முழுசாப் போடு. ஆனா சட்டத்துல அடிக்கிற தகட்டுல பேரு அத்தைக்கு மட்டுந்தான். அதுல நான் எறங்க மாட்டேன்.”

எல்ஸ்பெத் யோசித்தாள். அம்மாவுக்கு அந்தப் பெயர்த்தகடு உரியதா என்று அவளாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “சரி” என்றாள்.

வசந்தத்தில் கூடம் திறந்தார்கள். பாதிரியார் ஜெபித்தார், டீயும் வெண்ணெய் ரொட்டியும் நடந்தன. அபர்தீனிலிருந்து வந்த ஒரு பெண் மூன்றாவது சட்டத்துக்கு முன்னால் நின்று, கீழே பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று கேட்டாள். எல்ஸ்பெத் கோப்பையோடு பக்கத்தில்தான் இருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் ஜெஸ்ஸி-ஆன் முந்திக்கொண்டாள்.

“அது பெல்லா ஃபிளெட். எங்க அத்தை கூட்டுக்காரி. புடிச்சவளும் அவதான், மறுநாளு விட்டுட்டு வேலைக்குப் போனவளும் அவதான். இந்தா நிக்கிறாளே, இவ அவ மகதான். இந்தச் சட்டம் அத்தனையும் இவ போட்டது.”

எல்ஸ்பெத் மறுக்கவில்லை. மறுக்க அதில் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு இடம்விட்டு நகர்ந்து, ரொட்டி தீர்ந்துவிடுமுன் இன்னொன்று எடுத்துக்கொள்ளப் போனாள்.