பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று உண்டு. அதை இப்போது மனைவி மட்டும்தான் சொல்லுவாள், அதுவும் கோபம் வந்தால். மற்ற எல்லோருக்கும் அவர் 'காது'. இருபத்தெட்டு வருஷமாக வீட்டு ஃபிரிட்ஜ்களைப் பழுது பார்க்கிறார். மற்ற மெக்கானிக்குகள் மீட்டரை எடுத்துக் கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்க்கிற நேரத்தில், இவர் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் இடது காதை ஒட்டி வைத்துக் கண்ணை மூடுவார். பத்து மூச்சு. அப்புறம் தீர்ப்பு. போனை ஃபிரிட்ஜ் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, வீட்டுக்குப் போகாமலே இன்னதுதான் கோளாறு என்று சொன்னதும் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, பத்துக்கு ஒன்பது சரியாகவே இருக்கும். பத்தாவதை யாரும் பேச மாட்டார்கள். பேர் வாங்கிவிட்டால் அப்படித்தான். அவருடைய மீட்டர் பெட்டியின் அடியில், பழைய துணிக்குக் கீழே கிடக்கும்.

அந்தக் காதுதான் ஒன்றரை வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது. வாலிபத்தில் பன்னிரண்டு வருஷம் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் ஒரே சமயத்தில் எட்டு கம்ப்ரசரை, அதாவது ஃபிரிட்ஜ் மோட்டாரை, ஓடவிட்டுச் சோதித்தவர். காதில் பஞ்சு வைத்தவனை அங்கே கேலி பேசியே விரட்டிவிடுவார்கள். விரட்டியவர்களில் இவரும் ஒருத்தர். அதற்கான பலன் இப்போது வந்தது.

"நீங்க வைக்கிற சத்தத்துல நியூஸ் தெருமுனை வரைக்கும் கேக்குது. ஒரு டாக்டர்கிட்ட காட்டுனா என்ன குறைஞ்சிடும் உங்களுக்கு?" என்பாள் மனைவி.

பேர் குறைஞ்சிடும் என்று அவர் சொல்லவில்லை. முழுங்கிக்கொண்டார். மனுஷர் பேசுவது கேட்காவிட்டால் போகிறது, மெஷின் பேசுவது எனக்குக் கேட்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மறைக்கிறவனுக்கு அது தெரியாதே.

அன்றைக்குக் காலையில் கூப்பிட்ட வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான் இருக்கும். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி, கண் இரண்டும் குழிக்குள். அவளுக்குப் பின்னால் அவள் நாத்தனார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மணி என்ன ஆச்சு தெரியுமா? ஒன்பதுக்குக் கூப்பிட்டா பதினொண்ணுக்கு ஆடி அசைஞ்சு வர்றீங்க!" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, சும்மா இருங்க." அந்தப் பெண் நேரே ஃபிரிட்ஜுக்கு அவரை அழைத்துப் போனாள். "அண்ணா, உள்ள என் குழந்தைக்குப் பால் இருக்கு."

பாலென்றால் கடைப் பால் இல்லை. ஏழாம் மாதமே பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இவள் தன் பாலை எடுத்துச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கட்டி, தேதி எழுதி, ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தனுப்புவாள். நாலு நாளைக்கு முன்னால் இவளுக்கே காய்ச்சல் கண்டு, கடுமையான மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். மருந்து முடிகிற வரை பால் கொடுக்கக் கூடாது. குழந்தையின் வயிறோ வேறு பாலை ஏற்கவில்லை, இரண்டு தடவை கொடுத்துப் பார்த்து இரண்டு தடவையும் ஆபத்தாகிவிட்டது. ஆக, ஃப்ரீசரில் இருந்த முப்பத்தோரு பாக்கெட்டும்தான் அந்தக் குழந்தைக்கு வரப்போகிற நாளெல்லாம்.

"மேல் வீட்டு ஃப்ரீசர்ல ஆறுதான் புடிச்சுது. மத்த வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு. ஆஸ்பத்திரியிலயும் அன்னன்னிக்கு வேண்டியதுக்கு மேல வாங்க மாட்டாங்களாம். ஐஸ் வாங்கிச் சுத்தி அடுக்கியிருக்கேன், அதுவும் கரையுது. நடுவுல ஐஸ் இருக்கற வரைக்கும் திரும்ப உறைய வைக்கலாமாம் அண்ணா. முழுசாத் தண்ணியாயிட்டா ஒரு நாள்தான், அப்புறம் கொட்டிடணும்னு நர்ஸ் சொல்லிட்டாங்க." அவள் ஒரு பாக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஓரமெல்லாம் குழைந்து, நடுவில் மட்டும் ஒரு கட்டி இருந்தது.

காது அதைப் பதறித் திரும்ப ஐஸுக்குள் வைத்தார். மூன்று பெண்களைப் பெற்றவர்.

"ஃபேனை நிறுத்துங்க. யாரும் பேசாதீங்க" என்றார். பக்கவாட்டில் காதை வைத்தார். கண்ணை மூடினார். உள்ளே ஒரே சீராக ஓர் இரைச்சல். நல்ல கம்ப்ரசரின் இரைச்சல், திக்கல் இல்லை, திணறல் இல்லை.

"மோட்டார் அருமையா ஓடுது. ஓடியும் குளிரலைன்னா கேஸ் போயிருச்சுன்னு அர்த்தம். பைப்ப வெட்டி, ஓட்டைய அடைச்சு, காத்த உறிஞ்சி, புதுசா கேஸ் ஏத்தணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாளைக்குக் காலைல குளிர ஆரம்பிச்சிடும்."

அந்தப் பெண் சுவரில் சாய்ந்துவிட்டாள். நாளைக் காலை வரை எந்தப் பாக்கெட் தாங்கும்? ஒன்று கூடத் தாங்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும், வேறு வழி இல்லையே என்று குழாய் வெட்டியை எடுத்தார்.

"ஓடுதுங்கறீங்க" என்று நாத்தனார் மறித்தாள். "ராத்திரியிலேர்ந்து ஒரு சத்தமும் இல்லியே இதுல? நான் இதுக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தேன்."

"உங்களுக்குக் கேக்காதும்மா. அதுக்குன்னு ஒரு காது வேணும்."

"ஆமா, எங்களுக்கெல்லாம் காது வாடகைக்கு வாங்கினது பாருங்க!"

அவர் ஃபிரிட்ஜைத் திருப்பி, கீழே குனிந்து, கம்ப்ரசரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த செப்புக் குழாயில் வெட்டியை மாட்டினார். ஒரு சுற்று சுற்றினார். செம்பில் பளிச்சென்று ஒரு வளையம் விழுந்தது. இன்னும் மூன்று சுற்று, அவ்வளவுதான், உள்ளே இருக்கிற கேஸ் எல்லாம் சீறிக்கொண்டு வெளியே போய்விடும். அப்போதுதான் பிளக்கைப் பிடுங்கவில்லை என்பது நினைவு வந்தது. சீ, முதல் வேலையே அதுதான், அவசரத்தில் புத்தி பேதலித்துவிட்டது. கையை நீட்டிப் பிளக்கைப் பிடுங்கினார்.

இரைச்சல் நிற்கவில்லை.

பிளக் கையில் இருக்கிறது. கம்பி தரையில் கிடக்கிறது. இரைச்சல் அதே சீராக, திக்கல் இல்லாமல், திணறல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது காதை உள்ளங்கையால் பொத்தினார். இன்னும் தெளிவாகக் கேட்டது. இரண்டு காதையும் பொத்தினார். மண்டை முழுக்க அதுதான்.

அவர் ஆடிப்போனார். எத்தனை நாளாக? எத்தனை வீட்டில்? பக்கவாட்டில் காதை வைத்துத் தன் தலைக்குள் இருக்கிற சத்தத்தையே கேட்டுவிட்டு, மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்?

"என்னாச்சு அண்ணா?"

"ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷம்."

பிளக்கைத் திரும்ப மாட்டினார். கம்ப்ரசரின் மேல் கையை வைத்தார். ஓடுகிற கம்ப்ரசரைத் தொட்டால் கை சுடும், அதனாலேயே தொட்டுப் பழக்கமில்லாதவர். இது சுடவில்லை. அதிரவும் இல்லை. ஓரமாய்க் கிடக்கிற கல்லைத் தொட்டது போலிருந்தது. இது இரவே நின்றுபோன கம்ப்ரசர். நாத்தனார் சொன்னது அத்தனையும் சரி.

மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரசரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஓவர்லோடை உருவினார். மோட்டார் சூடேறினால் கரண்டை நிறுத்துகிற, கட்டை விரல் அகலக் கறுப்பு வில்லை அது. பெட்டியைக் கவிழ்த்து, துணிக்கு அடியிலிருந்து மீட்டரை எடுத்தார். இரண்டு முனையிலும் கம்பியை வைத்தார். முள் அசையவில்லை. வில்லை செத்துப்போயிருந்தது. மோட்டார் கம்பிகளைத் தொட்டார். முள் எழும்பியது. மோட்டார் உயிரோடுதான் இருக்கிறது.

ஐந்து நிமிஷ வேலை. ஐந்தே நிமிஷ வேலைக்கு அவர் அந்தக் குழந்தையின் பால் மொத்தத்தையும் காவு கொடுக்கப் பார்த்தார்.

புது வில்லை பெட்டியில் இருந்தது. மாட்டுகிறபோது அது ஒருமுறை கைநழுவிக் கீழே விழுந்தது. அதைவிடப் பெரிய பயம் செம்பில் விழுந்த வளையம். ஆழமாக இறங்கியிருந்தால்? சோப்பைக் குழைத்து நுரையை வளையத்தின் மேல் பூசி, மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார். ஒரு குமிழ் வந்தாலும் தீர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். நாத்தனாரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். குமிழ் வரவில்லை.

பிளக்கை மாட்டினார். கம்ப்ரசர் ஒரு உதை உதைத்துவிட்டு அவருடைய உள்ளங்கைக்குக் கீழே அதிரத் தொடங்கியது.

"ஹா! இப்பல்லவா ஓடுது!" என்றாள் நாத்தனார்.

கால் மணி நேரம் கழித்து ஃப்ரீசரின் உள்சுவரில் ஈர விரலை வைத்தார், விரல் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து அடுக்கினாள். இருபத்தைந்தில் இரண்டுதான் முழுசாகக் கரைந்திருந்தன. அவற்றை இன்றைக்கே குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். மற்ற எல்லாவற்றிலும் நடுவில் கட்டி இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணா, கேஸ் போயிருச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. விட்டு விட்டு ஓடியிருக்கும்மா, நான் வந்தப்ப ஓடிச்சு, அப்புறம் நின்னிருக்கு. யாரும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று படியிறங்கியிருக்கலாம். சட்டைப் பையில் இன்னும் இரண்டு வீட்டு விலாசம் இருந்தது.

"எனக்குக் காது கேக்கலம்மா" என்றார். "நான் கேட்டது மோட்டார் இல்ல, என் காதுக்குள்ளயே ஒரு இரைச்சல். பிளக்கப் புடுங்கினப்பதான் எனக்கே தெரிஞ்சுது. இன்னும் மூணு சுத்து சுத்தியிருந்தா உன் பாலெல்லாம் போயிருக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. அவள் திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றார். அவள் திட்டவில்லை. கரைந்த பாக்கெட் இரண்டையும் ஐஸோடு ஒரு பையில் போட்டாள்.

"இன்னிக்கு இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகணும்?"

"ரெண்டு."

"போக வேணாம். போன் பண்ணி வரலன்னு சொல்லுங்க. இப்பவே, என் முன்னாடி." அவர் போனை எடுக்கிற வரை அவள் நகரவில்லை. "நான் பால் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போறேன். காது டாக்டரும் அங்கதான் இருக்காரு. நீங்களும் வர்றீங்க."

இரண்டு வீட்டுக்கும் போன் செய்தார். மூன்றாவதாக மனைவியைக் கூப்பிட்டு, எங்கே போகிறேன் என்று சொன்னார். அந்தப் பக்கம் அவள் ஏதோ சொல்வது போலிருந்தது. என்ன என்று விளங்கவில்லை. போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "அவ என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லும்மா."

அவள் காதில் வைத்துக் கேட்டாள்.

"எதுவும் சொல்லல அண்ணா" என்றாள். "அழுவுறாங்க."