துளசி சாப்பிட்ட தயிர்சோறு

ஹட்டன் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் சண்முகராஜா சுத்த சைவம். இதை அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. பருப்பு வாங்க வருகிறவர்களுக்குக்கூடப் பருப்போடு சேர்த்து அந்தச் செய்தியையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார். தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக வீட்டில் ஒரு முட்டை உடைந்ததில்லை. கடையில் டின் மீன் விற்பது வேறு விஷயம், அது வியாபாரம். யாராவது கேட்டால் விரலால் அலமாரியைக் காட்டுவார். வேலையாள் ஜீவராஜ்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிப்பட்டவரைக் கோயில் பரிபாலன சபைக்குத் தலைவராக்காமல் வேறு யாரை ஆக்குவார்கள்? ஆனவர் முதல் வேலையாகச் சபையைச் சுத்தம் செய்யக் கிளம்பினார். ஆட்டோ ஓட்டும் அழகுமுத்து, திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு பஸ் ஸ்டாண்டில் நின்று முட்டை ரொட்டி தின்றதை யாரோ வந்து சொன்னார்கள். இருபது வருஷமாகத் தேர் வடம் பிடித்த மனுஷனை ஒரே கூட்டத்தில் நீக்கிவிட்டார். அந்தக் கூட்டத்தில்தான் அவருடைய பேர்போன பேச்சு நடந்தது.

“எங்க வீட்டுப் பூனைகூட தயிர்சோறுதாங்க சாப்பிடுது. ஒரு பூனைக்கு இருக்கிற கட்டுப்பாடு மனுசனுக்கு வேணாமா?”

எல்லோரும் கைதட்டினார்கள். அழகுமுத்து மட்டும் எழுந்து வெளியே போனான்.

பூனையின் பெயர் துளசி. அரிசி மூட்டைக்கு நடுவில் குட்டியாகக் கிடைத்தது. கடைக்கு மேலே, பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில், அது நேராக அவர் மடியில் வந்து படுத்துக்கொண்டது. மனைவி மனோரஞ்சிதம் தயிர்சோறு வைத்தாள். துளசி மூன்று நாள் அதை முகர்ந்து பார்த்தது. நாலாம் நாள் சண்முகராஜாவின் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையில் மூன்று தலைமுறையும் ஆட்டம் கண்டது.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலை, கடை திறக்கும் முன் தலைவர் தனியாகக் கீழே இறங்குவார். நசுங்கிய டின் மீனை யாரும் வாங்க மாட்டார்கள், வீணாகக் கூடாதல்லவா? நசுங்கிய டின் இல்லாத நாட்களில் அவரே ஒன்றைக் கொஞ்சம் நசுக்கிக்கொள்வார். ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் முள் எடுத்து ஊட்டுவார். தயிர்சோறு பின்வாசல் காக்கைகளுக்குப் போகும். குழாயடியில் எப்படியோ தினமும் ஒரு பாதி எலுமிச்சங்காய் கிடக்கும். அதைக் கையில் தேய்த்து வாசம் போகக் கழுவுவார். அது அம்மன் கருணை என்பது அவர் முடிவு.

ஒரு வருஷம் இப்படி நடந்தது. பிறகு ஒரு நாள் அவர் துளசியைத் தூக்கப் போக, அது வீல் என்று கத்தியது. முதுகைத் தடவினாலும் கத்தல், வயிற்றில் கை பட்டாலும் கத்தல். சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பு கொதித்தது. கண் பட்டுவிட்டது என்று திருஷ்டி கழித்தார்கள், விபூதி போட்டார்கள். விபூதி போட்ட கைக்கும் கத்தியது. ஐந்தாம் நாள் அது மூலையில் சுருண்டுகொண்டு, அவர் கிட்டே போனாலே நடுங்கியது. மடியில் வளர்ந்த ஜீவன் தன்னைக் கண்டு நடுங்குவதைப் பார்த்த சண்முகராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நுவரெலியாவில் நல்ல மிருக வைத்தியர் இருப்பதாகச் சொன்னார்கள். கிளம்பிய அன்று மழை. கடைவீதியில் நின்றது ஒரே ஒரு ஆட்டோ. அது யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? மனோரஞ்சிதமும் கூட ஏறிக்கொண்டாள். அழகுமுத்து கூடையை அலுங்காமல் வாங்கி வைத்தான், வளைவுகளில் மெதுவாக ஓட்டினான், இறங்கியதும் அவனே உள்ளே தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றான்.

டொக்டர் ஹம்சினி சின்ன வயசு. துளசியின் வயிற்றை ஒரு விரலால் மட்டும் தொட்டாள். அது கத்தியது.

“என்ன சாப்பாடு குடுக்கிறீங்க?”

“தயிர்சோறு” என்றார் தலைவர், மேடையில் பேசும் குரலில்.

“வேற ஒண்ணுமே இல்லையா? மீன்?”

“நாங்க சைவம்மா.”

டொக்டர் துளசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “ஐயா, தோலுக்குக் கீழ கொழுப்பெல்லாம் கட்டிகட்டியா இருக்கு. தினமும் மீனே சாப்பிடுற பூனைக்கு இப்படி வரும். மீன் எண்ணெய் உடம்புல சேரச் சேர வைட்டமின் ஈ தீர்ந்துபோயிரும். அப்புறம் கொழுப்பு வீங்கி, தொட்டாலே உயிர் போற வலி. மீன்தான்னா இப்பவே மருந்து தொடங்கலாம். இல்லைன்னா மயக்க மருந்து குடுத்து, கட்டியில ஒரு துண்டு வெட்டி எடுத்து, பேராதனை லேபுக்கு அனுப்பிப் பார்க்கணும். இந்தக் காய்ச்சல்ல மயக்கம் குடுத்தா தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

தலைவர் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் மனோரஞ்சிதம். மறுபக்கம் முட்டை ரொட்டி தின்ற அழகுமுத்து, சுவரில் தொங்கிய காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். நடுவில் கூடைக்குள்ளிருந்து துளசி அவரைப் பார்த்தது. அதே பழைய பார்வை.

“டின் மீனு” என்றார் சண்முகராஜா. “தினமும். என் கையாலதான் ஊட்டுனேன். வெட்டாதீங்கம்மா.”

சொன்னவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். கோயில் தலைவர் ஒருவர் பூனைக்காக அழுவதை நுவரெலியா அன்றுதான் பார்த்தது.

டொக்டர் ஊசி போட்டாள். மீனை அடியோடு நிறுத்தச் சொன்னாள். மருந்து, சின்னப் பெண்கள் முகத்தில் பூச வாங்கும் அதே வைட்டமின் ஈ மாத்திரைதான். அதை ஊசியால் குத்தி எத்தனை சொட்டு விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். “சீக்கிரம் சுகமாகட்டும்னு கூட ஊத்திறாதீங்க, அதுவும் கெடுதி. அவிச்ச கோழி இறைச்சியில கலந்து குடுங்க.”

கோழி! திரும்பும் வழியெல்லாம் தலைவர் கூடையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நானுஓயா தாண்டியதும் அழகுமுத்துதான் கண்ணாடியில் பார்த்துப் பேசினான்.

“முதலாளி, ஒங்க வீட்டுல அவிக்க முடியாது. எங்க வீட்டுல அவிச்சு வைக்கச் சொல்றேன். காலையில வந்து எடுத்துக்குங்க.”

அதற்குப் பிறகு தினமும் விடியற்காலை தலைவர் மூடிபோட்ட டப்பாவோடு அழகுமுத்து வீட்டுப் படியேறினார். எதிரே வந்தவர்கள் பிரசாதம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். அடுத்த கூட்டத்தில் அழகுமுத்துவைத் திரும்பச் சபையில் சேர்க்க வேண்டும் என்று அவரே எழுந்து சொன்னார். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

சொட்டு விட்டு, கோழி ஊட்டி, நாட்கள் போயின. மூன்றாவது வாரம் ஒரு காலையில் அவர் பயந்து பயந்து துளசியின் முதுகில் கை வைத்தார். கத்தவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மடியில் ஏறிப் படுத்தது. சண்முகராஜா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பூசைக்கு நேரமாகிவிட்டது. மேலே படியிலிருந்து மனோரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.

“இங்க பாருங்க, சாமி ரூமுக்கு வாறதுக்கு முந்தி கையைக் கழுவிட்டு வாங்க. எப்பவும் போல குழாயடியில எலுமிச்சங்காய் வெட்டி வச்சிருக்கேன்.”