கேமரன் மலையில் மூன்று பாட்டில் பழ ஈக்கள்

கேமரன் மலைக்கு நான் முதன்முதலில் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஈ பிடிக்க. சிரிக்காதீர்கள். அப்போது நான் முதுகலை ஆய்வு மாணவி. மலை ஏற ஏறப் பழ ஈக்களின் மரபணுவில் ஏதாவது மாறுகிறதா என்பதுதான் என் ஆய்வு. ரிங்லெட், அதற்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட், இன்னும் மேலே கியா பார்ம். மூன்று இடத்திலும் ஈக்களை உயிரோடு பிடித்து, திங்கட்கிழமை கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே சோதனைக் கருவி ஒன்றே ஒன்று. என் முறை தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்கணும். எனக்கோ பஸ்ஸுக்குக் காத்திருக்கவே பொறுமை கிடையாது.

மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து ரிங்லெட் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். அன்றைய பஸ்ஸில் இரண்டு மணி நேரம், முழுக்க வளைவு. எஸ்டேட்டில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, வீட்டில் தங்கினேன். அவர் மனைவி மேரி அக்கா என்னைத் தங்கைபோலப் பார்த்துக்கொண்டார். புளித்த வாழைப்பழத்தை வாளியில் தொங்கவிட்டால் ஈ தானாக வரும். வியாழனுக்குள் மூன்று பாட்டிலும் நிறைந்தன, இடத்துக்கு ஒன்று; தீனிக்கு உள்ளே அதே புளித்த பழம்.

வெள்ளி சாயங்காலம் தானா ராத்தா டவுனில் போன் பேசிவிட்டுத் திரும்பினால், மூன்று பாட்டிலும் கழுவிக் கவிழ்த்திருக்கின்றன. ஈக்கள் மொத்தமும் கட்டிலுக்கடியில், ஒரே ஊறுகாய் பாட்டிலில்.

"இன்னிக்கு நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம், தங்கச்சி. கள்ளு வாடை அடிச்சா பாஸ்டர் என்ன நெனைப்பாரு? அதான் ஒன்னாப் போட்டு மூடி வெச்சேன். ஒரு ஈகூட சாகல" என்றார் அக்கா, பெருமையாக.

எந்த ஈ எந்த ஊர் என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும். ஆத்திரத்தில் சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாள் காலை கீழே போகிற காய்கறி லோரியில் ஏறினேன். டிரைவர் முத்தையா அண்ணன் கதையைக் கேட்டார்.

"மூனு பாட்டில்ல பிரிச்சு ஊத்திடு லா. ஈ என்ன, ஊர் பேரு போட்ட ஐ.சி. கார்டா வெச்சிருக்கு?"

அதே நினைப்பில்தான் காலி பாட்டில்களையும் எடுத்து வந்திருந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? மடியில் ஊறுகாய் பாட்டில், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்கு. ரிங்லெட் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். "பிரிச்சு ஊத்த மாட்டேண்ணே, அது பொய்" என்றேன்.

"அப்ப தொறந்து விட்டுட்டுப் போயேன்" என்றார்.

அதுவும் முடியாது. கியா பார்ம் ஈ ரிங்லெட்டில் குடும்பம் நடத்த ஆரம்பித்தால் அந்த இடமே என் ஆய்வுக்கு உதவாது. டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி நானே பாட்டிலில் ஊற்றினேன். அழுகை வந்தது. ஈக்காக இல்லை, திங்கட்கிழமைக்காக. பிறகு மேலே போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

கதவைத் திறந்த மேரி அக்காவிடம், "அடுத்த ஜெபக்கூட்டம் எப்பன்னு மொதல்ல சொல்லுங்கக்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோறு போட்டார்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம், சாயங்காலம் மழை வரும். உங்கள் பையிலிருந்து என்ன வாடை வரும் என்பதைத் தங்குகிற வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் முறை போனது போனதுதான், படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போனது. அடுத்த பருவத்தில் புதிதாகப் பிடித்துச் சோதித்ததில் ரிங்லெட் ஈயும் கியா பார்ம் ஈயும் மரபணுவில் வேறு வேறு. அந்த ஒரு பாட்டிலை மூன்றாகப் பிரித்திருந்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். மலையில் எதுவும் மாறவில்லை என்று எழுதி, பட்டமும் வாங்கியிருப்பேன்.