இரண்டு டக்கு வைத்த பாவாடை

நடந்தது இவ்வளவுதான்:

1. ஓர் ஆடி அமாவாசையன்று, சிதம்பரத்தில் அத்தை வீட்டில், என் தங்கைக்காக எடுத்து வைத்திருந்த புதுப் பாவாடையை நான் பிளேடால் பிரித்தேன்.
2. பிரித்ததைக் கட்டிக்கொண்டு, அவள் உட்கார வேண்டிய நடு இலையில் உட்கார்ந்தேன்.
3. தங்கை அழுதாள். அம்மா கையை ஓங்கினாள்.
4. அத்தை அடிக்க விடவில்லை.

முதல் மூன்றும் அன்றே எனக்குப் புரிந்தவை. நான்காவதற்குப் பல வருடங்கள் ஆயின.

அத்தை அப்பாவின் அக்கா. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவளை, யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டுபோய், சயாம் காட்டில் ரயில் பாதை போட விட்டார்கள். அப்படிப் போன தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். பெயரை எழுதி வைக்கக்கூட ஆளில்லை. மாமாவும் மூன்று பிள்ளைகளும் ஒரே மழைக்காலத்துக் காலராவில் போனார்கள். அத்தை மட்டும் திரும்பி வந்து, சிதம்பரத்தில் ஒரு தையல் மிஷினோடு குடியிருந்தாள்.

மாமாவுக்கு அப்பா கடலூரில் தேவனாம்பட்டினம் கடலில் தர்ப்பணம் கொடுப்பார். சின்னப் பிள்ளைகளுக்குத் திதி கிடையாது என்று புரோகிதர் சொல்லிவிட்டார். அதனால் அத்தை ஆடி அமாவாசைக்குத் தானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். மூன்று இலை, மூன்று புதுத்துணி. எட்டு வயதுப் பெண்ணுக்குப் பாவாடை, ஐந்து வயதுக்கும் மூன்று வயதுக்கும் சட்டை. யாரையும் அளவெடுக்க மாட்டாள். அவள் தைத்து முடித்த துணி எந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறதோ, அந்தப் பிள்ளை உட்கார வேண்டும்.

முந்தின வருடம் அந்த அளவுப் பாவாடை எனக்குக் கச்சிதமாக இருந்தது. அன்று அத்தை என்னை நடு இலையில் உட்கார வைத்து, தன் கையால் முதல் கவளம் ஊட்டினாள். மற்ற நாளெல்லாம் 'ஏ குட்டி' என்பவள், அன்று 'பாப்பா' என்றாள். அந்த இலை என்னுடையது என்று ஒரு வருடம் முழுக்க நினைத்திருந்தேன்.

இந்த வருடம், முதல் நாள் மாலையே அத்தை பாவாடையை என் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே நின்றது.

"கட்டையாப் போச்சுடி உனக்கு. சின்னது உக்காரட்டும்."

தங்கைக்குத் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நீதான் பெரிய பொம்பளயாயிட்டியே. போய் அம்மாகூடப் பரிமாறு, போ," என்றாள் தங்கை.

அவளுக்கு என்னைவிட நிறம். எனக்கு அம்மை போட்ட தழும்பு, அவளுக்கு இல்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன். இலையைப் பொறுக்க முடியவில்லை.

வளர்கிற பிள்ளைக்குப் பாவாடை தைத்தால், கீழே இரண்டு டக்கு பிடித்துத்தான் தைப்பார்கள். பிள்ளை உயர உயர, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடலாம். அத்தையும் கைப்பழக்கத்தில் இரண்டு டக்கு வைத்திருந்தாள். மறுநாள் காலை எல்லோரும் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, நான் மிஷின் டிராயரிலிருந்து பிளேடை எடுத்து, கீழ் டக்கை ஒவ்வொரு தையலாக அறுத்தேன். துணி கிழியவில்லை. அந்த வேலையில் எனக்கு அப்போதே பெருமை.

அப்பா மதிய பஸ்ஸில் வந்தார். புவனகிரியிலிருந்து பாய் மாமாவும் வந்துவிட்டார். அவர் சயாமில் அத்தையோடு ஒரே முகாமில் இருந்தவர். காலில் அந்தக் காட்டுப் புண்ணின் குழி இருந்தது. அது மறுபடி கிளம்பும் மாதங்களில் அத்தை புவனகிரி போய்க் கட்டுப் போட்டுவிட்டு வருவாள். அமாவாசையன்று, படைப்பதற்கு முன்பே அவருக்குத் தனியாகச் சோறு எடுத்து வைத்துவிடுவாள்.

படைத்து முடித்துத் துணியை எடுத்துக்கொள்ளச் சொன்னதும், நான் முந்திக்கொண்டு ஓடிப் பாவாடையைக் கட்டி, நடு இலையில் உட்கார்ந்தேன். தங்கை ஓவென்று அழுதாள்.

"ஏண்டி, பேய் புடிச்சிருக்கா உனக்கு? ஏந்திரு!" என்று அம்மா கையை ஓங்கினாள்.

"வுடு அவள," என்றாள் அத்தை.

எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பாவாடை என் கணுக்காலை மூடியிருந்தது. பிரித்த டக்கின் ஊசித் துளைகள் துணியில் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் மேல் விரலை மெதுவாக ஓட்டினாள்.

"எத்தன டக்கு பிரிச்ச?"

"ஒண்ணுதான் அத்த."

"இன்னொண்ணு இருக்கில்ல?"

"இருக்கு."

"இருக்கட்டும். அடுத்த வருஷத்துக்கு ஆவும்."

பாய் மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பாமலே, "சோறு ஆறுது அக்கா," என்றார்.

அத்தை எனக்கு ஊட்டினாள். கவளம் என் மூக்கில் பட்டது, அவள் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தங்கையைப் பார்த்துக்கொண்டே மென்றேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தைக்கு என்மேல்தான் பிரியம் ஜாஸ்தி என்று நினைத்தேன். இருபது வருடமாக எட்டு வயதிலேயே நின்றிருந்த ஒரு பெண் அன்று அந்த வீட்டில் ஒரு விரற்கடை உயர்ந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

மறு வருடம் அத்தை புதுப் பாவாடையையே நீளமாக வெட்டினாள். அதற்கு அடுத்த வருடம் இன்னும் நீளமாக. பிறகு தாவணி. என் பதினேழாவது வயதில் புடவை. பையன்களின் சட்டைகள் மட்டும் கடைசிவரை அதே அளவில்தான் இருந்தன.

நான் இப்போது கடலூரில் ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறேன். அத்தை இறந்து மூன்று வருடம் ஆகிறது. பாய் மாமா தடி ஊன்றிக்கொண்டு வருகிறார். காலுக்குக் கட்டுப் போடுவது இப்போது அம்மா. ஆடி அமாவாசைக்கு மூன்று இலை போடுகிறோம். நடு இலையில் நான் உட்காருகிறேன். தங்கைக்கு ஒரு வருடம்கூட அது கிடைக்கவில்லை.